நடுவர் மட்டும் ஏன் மாறுவதில்லை?

ஸ்கிட் காமெடி படுத்துவிட்டது, படுக்கவைத்தவை பார்த்துப் பழகிய முகங்கள், ஆகவே அதே ஆறேழு பேருக்கு வாரந்தோறும் வேடம் மாற்றி நிறுத்துவதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஸ்கிட்டுக்கும் யாரென்றே தெரியாத நடிகர்களை இறக்க வேண்டும் என்று ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். எங்கள் தமிழக-கேரள எல்லைப்பக்கத்துக்காரர்தான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே கோயில் திருவிழா மேடைகளில் நடக்கும் காமெடிப் போட்டிகளுக்கு வருடக்கணக்காக நடுவராக உட்காருகிறவர். நாலு பேர் காதுகொடுத்துக் கேட்கும் இடத்தில் இருப்பவர். அதனால்தான் இந்த எதிர்வினை. வழிப்போக்கர் உளறினால் கடந்து போய்விடலாம். சொல்வாக்கு உள்ளவர் உளறினால் அது அடுத்த வருடத் திருவிழா நோட்டீசில் விதிமுறையாக அச்சாகிவிடும்.

நெய்யாறு அணையை ஒட்டிய இந்தக் கள்ளிக்காட்டு வட்டாரத்தில் ரிமோட்டைக் கையில் எடுத்தவருக்குச் சென்னையும் கொச்சியும் ஒரு பொத்தான் தூரம். லொள்ளு சபாவையும் சினிமாலாவையும், கலக்கப்போவது யாருவையும் காமெடி உத்ஸவத்தையும் ஒரே வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்த ஜனம் நாங்கள். இரண்டு மொழிகளின் தொலைக்காட்சிச் சிரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோடும் வாய்ப்பு மதுரைக்காரருக்கும் இல்லை, திருச்சூர்க்காரருக்கும் இல்லை. அந்த வாய்ப்பு கையிலிருந்தும் ஒருவர் இப்படியொரு முடிவுக்கு வந்திருக்கிறார் என்றால், பார்த்ததைப் பற்றி அவர் யோசிக்கவில்லை என்று அர்த்தம். அல்லது யோசித்தது வேறெதையோ என்று அர்த்தம். இரண்டாவதுதான் என் சந்தேகம். சந்தேகத்துக்கான ஆதாரம் அவர் கட்டுரைக்குள்ளேயே கிடக்கிறது. அதைக் கடைசியில் எடுக்கிறேன்.

நகைச்சுவையின் உயிர்நிலை எதிர்பாராமை என்பது அவர் நட்டிருக்கும் முதல் தூண். தெரிந்த முகம் உள்ளே வந்ததுமே அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிடுகிறதாம், தெரிந்ததற்கு யாரும் சிரிப்பதில்லையாம், புதுமையே நகை என்பது தொல்காப்பியர் காலத்திலேயே கண்டறிந்த உண்மையாம். தொல்காப்பியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் முன் மெய்ப்பாட்டியலைப் புரட்டியாவது பார்த்திருக்கலாம். எட்டு மெய்ப்பாடுகளில் முதலில் நிற்கும் நகைக்கு அங்கே சொல்லப்பட்ட நிலைக்களன்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடமை. இந்த நாலில் புதுமை எங்கே? இல்லை. அது மருட்கையில் இருக்கிறது. மருட்கைக்குச் சொன்ன நான்கு களன்களில் முதலாவதே அதுதான். புதியதைக் கண்டால் மனிதன் வியக்கிறான், மலைத்து நிற்கிறான். சிரிப்பது வேறு கணக்கு என்று பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது அந்த நூல். கட்டுரையாளர் கூட்டிவந்த சாட்சி எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் பேசிவிட்டார்.

இலக்கண நூலோடு வழக்கு முடிந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிரிப்பில் நடைமுறை அறிவு இருக்கிறது. பேதைமையைக் கண்டு சிரிக்க வேண்டுமென்றால் அது யாருடைய பேதைமை என்று தெரிந்திருக்க வேண்டாமா? முன்பின் அறியாத ஒருவன் ஏமாந்தால் ஐயோ பாவம் என்றுதான் தோன்றும். ஊருக்கே புத்தி சொல்கிறவன் ஏமாந்தால் சிரிப்பு வரும். அவன் ஊருக்குப் புத்தி சொல்கிறவன் என்பதை ஐந்து நிமிட ஸ்கிட் எப்போது சொல்லி முடிப்பது, எப்போது அவனை ஏமாற்றுவது? பழகிய முகம் அந்த முன்கதை முழுவதையும் தன்னோடு சுமந்துகொண்டு வருகிறது. உள்ளே கால்வைத்த மறுகணமே வேலையைத் தொடங்கிவிடலாம். எதிர்பார்ப்பு ஒன்று இல்லாத இடத்தில் எதிர்பாராமை மட்டும் எங்கிருந்து முளைக்கும்?

இதைப் படிக்க இவர் தூரமாகப் போயிருக்க வேண்டியதில்லை. குமரி மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு பேர் உண்டு. ராமனுக்குப் பட்டாபிஷேகம் நடந்தாலும் சரி, இலங்கை எரிந்தாலும் சரி, கதைக்கு நடுவில் இந்த இரண்டு பேரும் புகுந்து உள்ளூர் வம்பைப் பேசிவிட்டுப் போவார்கள். தோலில் வெட்டிய முகம். அதில் ஒரு கோடு கூடவோ குறையவோ வழியில்லை. ராத்திரிக்கு ராத்திரி அதே உருவம், தலைமுறைக்குத் தலைமுறை அதே உருவம். விளக்கு வெளிச்சத்தில் அந்த நிழல் விழுந்ததும், வாய் திறக்கும் முன்பே, முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடும். உலகத்தில் இதைவிடப் பழகிய முகம் ஒன்று இருக்க முடியுமா? கட்டுரையாளர் சொல்வது உண்மையானால் உச்சிக்குடும்பன் இரண்டாவது ராத்திரியே சலித்துப்போயிருக்க வேண்டும். சலிக்காததன் காரணம், மாறாத அந்த முகத்தின் வழியாக மாறுகிற ஊர் பேசப்பட்டது என்பதுதான். நேற்று வந்த வரி, இன்று விழுந்த மழை, நாளை வரப்போகும் தேர்தல் எல்லாம் அதே வாயிலிருந்து வரும்போது எது மாறியது, எது மாறவில்லை என்பதைப் பார்க்கிறவன் தானாகக் கண்டுபிடிக்கிறான். அந்தக் கண்டுபிடிப்புத்தான் சிரிப்பு.

ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் சினிமாவுக்குப் போனபோது செய்ததும் இதன் தொடர்ச்சியே. டி.ஏ. மதுரம், புளிமூட்டை ராமசாமி என்று தனக்கென்று ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு, பெரிய படங்களுக்குள் தனி நகைச்சுவைப் பகுதிகளை அந்தக் கூட்டத்தோடு ஆக்கிக் கொடுத்தார். படம் மாறும், கூட்டம் மாறாது. ஒருவர் மூச்சுவிடும் இடம் இன்னொருவருக்குத் தெரியும் என்பதால்தான் அந்த வேகம் வந்தது. படத்துக்குப் படம் புது மதுரத்தைத் தேடியிருந்தால் கலைவாணர் என்ற பட்டம் அவரைத் தேடி வந்திருக்குமா?

லொள்ளு சபாவுக்கு வருவோம். கட்டுரையாளர் அதை ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்: அதே ஆட்கள், அதே சேட்டை. ராம்பாலாவின் அந்த நிகழ்ச்சி விஜய் டிவியில் என்ன செய்தது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். தமிழ்நாடே மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதை ஒரு சின்ன அரங்கில், அட்டைச் சுவருக்கு முன்னால், மறுபடி நடிப்பார்கள். சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா, பாலாஜி, சேஷு. பார்க்கிறவனுக்குப் படத்தின் நாயகனும் தெரியும், நாயகன் வேடத்தில் வந்து நிற்கும் இந்த ஆளையும் தெரியும். இரண்டு தெரிந்த விஷயங்களை ஒன்றோடொன்று மோதவிட்டதில் வந்தது அந்தச் சிரிப்பு. மனோகர் கையை வீசி உடம்பை ஆட்டிக்கொண்டு உள்ளே வரும் அந்தத் தோரணை, மணிரத்னம் படத்து இருட்டறையாக இருந்தாலும் பாரதிராஜா படத்து வயல்வரப்பாக இருந்தாலும் மாறாது. படத்தின் இயக்குநர் எவ்வளவு கனமான உணர்ச்சியைக் கட்டி எழுப்பியிருந்தாலும் இந்த ஒரு நடை அதைத் தட்டிவிடும். அந்த இடத்தில் பெயர் தெரியாத ஒருவரை நிறுத்திப் பாருங்கள்: நாயகனைப் போல நடிக்கத் தெரியாத ஒருவர் நாயகனைப் போல நடிக்கிறார், அவ்வளவுதான் மிஞ்சும். பள்ளி ஆண்டுவிழாவில் அதைத்தான் பார்க்கிறோம்.

நிகழ்ச்சி முடிந்து இத்தனை வருடம் கழித்தும் லொள்ளு சபா சுவாமிநாதன், லொள்ளு சபா மனோகர் என்றுதான் அவர்களைச் சொல்கிறோம். 2024 மார்ச்சில் சேஷு இறந்தபோது செய்தி வாசித்தவர்களும் லொள்ளு சபா சேஷு என்றே வாசித்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் கலாபவன் மணி, ஹரிஸ்ரீ அசோகன், முன்ஷி வேணு. தகப்பன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் குழுவின் பெயர் வந்து நிற்கிறது. தனியாள் தனியாளாக வந்து போன நிகழ்ச்சி எதற்காவது ஜனங்கள் இந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறார்களா?

கட்டுரையாளரின் வாதம் முழுக்கச் சரிந்து விழும் இடம் மழவில் மனோரமாவின் மறிமாயம். 2011-லிருந்து ஓடுகிறது. நம் வட்டாரத்தில் இதைப் பார்க்காத வீடு குறைவு. ஆனால் கட்டுரையில் அதன் பெயரே இல்லை. மறந்துவிட்டாரா, மறைத்துவிட்டாரா? மறிமாயத்தின் ஏற்பாடு எளிமையானது. இந்த வாரம் வில்லேஜ் ஆபீஸ், அடுத்த வாரம் அரசு ஆஸ்பத்திரி, அதற்கடுத்த வாரம் மின்வாரியம் அல்லது பஞ்சாயத்து. இடம் மாறிக்கொண்டே இருக்கும்; மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் மாறமாட்டார்கள். மணிகண்டன் பட்டாம்பியின் சத்தியசீலன், சினேகா ஸ்ரீகுமாரின் மண்டோதரி, வினோத் கோவூரின் மொய்து, 2022-ல் மறைந்த வி.பி. காலிதின் சுமேஷ். பெயர்கூட மாறாது. போன வாரம் நிலவரி ரசீதுக்கு அலையவிட்ட அதே முகம் இந்த வாரம் ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு அலையவிடும். அதற்கு முந்தின வாரம் அலைந்த அப்பாவி இந்த வாரம் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அடுத்தவனை அலையவிடுவான்.

இதில் முகம் மாறாமலிருப்பது தயாரிப்பாளரின் சோம்பேறித்தனம் என்று சொல்ல ஒரு விமர்சகனுக்கு எப்படி மனம் வரும்? முகம் மாறாமலிருப்பதே அங்கே விமர்சனம். அலுவலகங்கள் பல, அதிகாரம் ஒன்று. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது வரும் பணிவும் அந்தப் பக்கம் போனதும் வரும் மிடுக்கும் ஒரே மனிதனுக்குள் இருக்கின்றன என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல், நடிகர் தேர்வை மட்டும் வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் புது ஆள் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? ஒரு வில்லேஜ் ஆபீசில் ஒரு மோசமான ஊழியர் இருந்தார் என்ற துணுக்குச் செய்தி கிடைக்கும். தமிழில் எழுதிக்கொடுத்த மனுவை மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பப்பட்ட எல்லையோரத்துத் தமிழனுக்கு, எந்த ஜன்னலுக்குப் போனாலும் உள்ளே அதே முகம்தான் இருக்கிறது என்பது நாடக உத்தியாகத் தெரியாது. வாழ்க்கையில் பட்டது திரையில் தெரிகிறது என்று தோன்றும். மூன்று மேசை, நாலு ஃபைல் கட்டு, ஒரு ஓடாத ஃபேன், கூட ஆறு நடிகர்கள்: இவ்வளவை வைத்துக்கொண்டு இவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவரும் விஷயத்தைப் பெரும் பொருட்செலவில் எடுத்த எத்தனை படங்கள் சொல்லியிருக்கின்றன?

வெளிநாட்டுச் சான்று வேண்டும் என்று அமெரிக்காவுக்கும் போகிறார். 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய டிம் ராபின்சனின் ஸ்கிட் தொடரில் அறிமுகமே இல்லாத முகங்கள் வந்து அசத்துகின்றனவாம். வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான ஸ்கிட்டுகளின் நடுவில் நிற்பவர் யார்? அதே டிம் ராபின்சன். தவறை ஒப்புக்கொள்ளாமல் மேலும் மேலும் முரண்டு பிடிக்கும் அந்த ஆசாமியை நமக்குத் தெரிந்திருப்பதால்தான் சுற்றி நிற்கும் தெரியாத முகங்களின் திகைப்பு வேலை செய்கிறது. அச்சாணியைப் பார்க்காமல் ஆரக்கால்களை மட்டும் எண்ணிவிட்டு வந்திருக்கிறார். 1975-ல் நியூயார்க்கில் தொடங்கிய சாட்டர்டே நைட் லைவின் முதல் கூட்டமும் புதுமுகங்கள்தாமே என்று அடுத்த வரியில் கேட்கிறார். முதல் வாரத்தில் புதுமுகங்கள். பத்தாவது வாரத்தில்? செவி சேஸ் 1976-ல் விலகினார், 1977-ல் பில் மர்ரே வந்து சேர்ந்தார், அவரும் சில மாதங்களில் பழகிய முகமானார். புதியவரைச் சேர்த்துக்கொள்வது வேறு. யாரையுமே பழையவராக விடாமல் பார்த்துக்கொள்வது வேறு. இந்த இரண்டையும் குழப்பினால்தான் கட்டுரையாளருக்குப் பிழைப்பு ஓடும். அவர் கேட்பது முதலாவதுபோல ஒலிக்கிறது. அவருடைய திட்டம் இரண்டாவது.

தெரியாத முகம் என்றால் நிஜம்போல இருக்கும் என்ற வாதத்துக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. அட்டைச் சுவரும் ஒட்டு மீசையும் நிஜம் என்று எந்தக் குழந்தையும் நம்பாது. ஸ்கிட் நம்பிக்கையைக் கேட்பதும் இல்லை. நிஜம் வேண்டுமென்றால் களியக்காவிளைச் சந்தையில் போய் நிற்கலாம்.

வாய்ப்பு என்ற வாதம் கவர்ச்சியானது, அதனால் அபாயமானது. நிரந்தரக் குழு என்பது ஒரு மடமாம். உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம். போட்டி நிகழ்ச்சிகள்தாம் ஏழை வீட்டுத் திறமைசாலிக்குக் கதவைத் திறந்தனவாம். அதே கட்டுரையில் நாலு பத்தி தள்ளி, டிவி நடிகர்கள் கொஞ்சம் பெயர் வந்ததும் சினிமாவுக்கு ஓடிவிடுகிறார்கள் என்று அங்கலாய்க்கிறார். கதவு சாத்தியிருந்தால் எப்படி ஓடினார்கள்? சந்தானம் 2004-ல் மன்மதன் படத்தில் வந்து, பிறகு சினிமாவுக்கே போய்விட்டார். லொள்ளு சபா நிற்கவில்லை, ஜீவா முன்னால் வந்தார். அதே குழுவின் ஓரத்தில், சின்னச் சின்ன வேடங்களில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்த ஒரு பையன்தான் யோகி பாபு. எந்தப் போட்டியின் நடுவராவது அந்தத் தலைமுடியையும் அந்த மெல்லிய குரலையும் பார்த்து முதல் சுற்றைத் தாண்டவிட்டிருப்பாரா? குழுவில் ஓரத்தில் நிற்க இடம் உண்டு. நின்று, பார்த்து, தோற்று, மறுபடி நின்று தேற இடம் உண்டு. போட்டியில் ஓரமே கிடையாது. நடு மேடை, பத்து நிமிடம், மதிப்பெண், இறங்கு. ஏசியாநெட் தொடங்கிய 1993-லிருந்து ஏறக்குறைய 20 வருடம் ஓடிய சினிமாலாவில் தர்மஜனும் சுபி சுரேஷும் வளர்ந்தது எப்படி என்று பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

அவர் தலையில் வைத்துக் கொண்டாடும் கலக்கப்போவது யாருவே என்ன ஆனது? வென்ற சிவகார்த்திகேயன் தொகுப்பாளராகி, பிறகு நாயகனாகிப் போனார். மிச்சத் திறமைகளை விஜய் டிவி என்ன செய்தது? அது இது எதுவில் சிரிச்சா போச்சு என்று ஒரு சுற்று வைத்து வடிவேல் பாலாஜி, ராமர், தங்கதுரை என்று அதே முகங்களை மறுபடி மறுபடி இறக்கியது. ராமர் சேலை கட்டிக்கொண்டு வந்து ஒரு டிவி பஞ்சாயத்து நிகழ்ச்சியின் தொகுப்பாளரைப் போலப் பேசிய ஒரு வரி ஊரெல்லாம் பரவி, சினிமாப் பாட்டு வரைக்கும் போனது. ராமரை ஏற்கெனவே தெரியாத ஒரு ஊரில் அது நடந்திருக்குமா? அதே பாசறையிலிருந்து வந்த புகழும் பாலாவும் 2019-ல் தொடங்கிய குக் வித் கோமாளியில் நிரந்தரக் கோமாளிகள் ஆனார்கள். புதுமுகப் போட்டி நடத்தியவர்களே கடைசியில் வந்து சேர்ந்த இடம் நிரந்தரக் குழு. ஜனங்கள் கேட்டது அதைத்தான். கட்டுரையாளர் எடுத்துக்காட்டாக நீட்டிய நிகழ்ச்சி அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறது.

ஃபிளவர்ஸ் சானலின் காமெடி உத்ஸவத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவு. பெயிண்ட் அடிப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், பள்ளிக்கூடப் பிள்ளை என்று யார் யாரோ வந்து திறமை காட்டினார்கள். பல பேர் கண்கலங்க வைத்தார்கள். அந்த நிகழ்ச்சியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வாராவாரம் நாம் யாரைப் பார்க்கத் திரும்பிப் போனோம்? மிதுன் ரமேஷையும், சோபாவில் உட்கார்ந்திருந்த டினி டோமையும் கலாபவன் பிரஜோதையும் பிஜுக்குட்டனையும். ஏசியாநெட்டின் காமெடி ஸ்டார்ஸில் நடுவர் இருக்கையில் ஜெகதீஷ். நிரந்தரக் குழு எங்கேயும் ஒழியவில்லை. மேடையிலிருந்து சோபாவுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். மேடையில் நிற்பவர்கள் மாறிக்கொண்டே இருக்க, உட்கார்ந்திருப்பவர்கள் மாறாமலே இருக்கும் ஒரு ஏற்பாட்டுக்கு ஜனநாயகம் என்று பெயர் வைக்க, உட்கார்ந்திருப்பவர் ஒருவரால்தான் முடியும்.

அவர் கட்டுரையில் மதிக்கத்தக்க வாதம் ஒன்று உண்டு. அது எங்கள் எல்லாருக்கும் வலிக்கிற இடம் என்பதால் நின்று பேசுகிறேன். எல்லையோரப் பேச்சை ஊருக்கு வெளியிலிருந்து வரும் நிரந்தர நடிகர்கள் கேலிப்பொருளாக்குகிறார்கள், அந்தந்த ஊரின் தெரியாத ஆட்களே வந்து பேசினால் கேலி நின்றுவிடும் என்கிறார். கேலி உண்மை. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும் எங்கள் பேச்சுக்குத் திருவனந்தபுரத்தில் பாண்டி என்று பெயர், சென்னையில் மலையாளத்தான் என்று பெயர். வள்ளுவநாட்டு மலையாளம்தான் மலையாளம் என்று சினிமா முடிவுகட்டியிருந்த காலத்தில் தள்ளே, அப்பி, அண்ணன் என்று பேசும் தெற்கத்தி ஆள் திரையில் வந்தால் அவன் ரவுடியாகவோ எடுபிடியாகவோதான் வருவான்.

அந்தக் கேலியை உடைத்தது யார்? ஒவ்வொரு வாரமும் வந்து மறைந்த முகமற்றவர்களா? வெஞ்ஞாறமூட்டுக்காரர் ஒருவர் அந்தப் பேச்சை மேடையிலும் டிவியிலும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். சுராஜ் வெஞ்ஞாறமூடு. முதலில் ஜனங்கள் சிரித்தது பேச்சுக்கு. திரும்பத் திரும்ப அவரே வந்ததால் பேச்சுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருப்பது தெரிந்தது. 2005-ல் ராஜமாணிக்கம் படத்தில் மம்முட்டியே அந்தப் பேச்சைப் பேச வேண்டிவந்தபோது அதைச் சொல்லிக்கொடுத்தவர் சுராஜ். 2013-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் பேரறியாதவர் படத்துத் துப்புரவுத் தொழிலாளி வேடத்துக்காகச் சிறந்த நடிகர் என்று அதே சுராஜின் பெயர் வந்தது. முன்பின் தெரியாத ஒருவன் வட்டார வழக்கில் பேசினால் கேட்கிறவன் காதில் வழக்குதான் விழும், ஆள் விழமாட்டான். ஆள் விழ வேண்டுமென்றால் அவன் மறுபடி வர வேண்டும், மறுபடி மறுபடி வர வேண்டும். ஒரே ஒரு முறை வந்து போகிறவனிடம் எங்கள் பேச்சை ஒப்படைப்பது அதை என்றைக்கும் வேடிக்கைப் பொருளாகவே வைத்திருக்க வழி.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன். நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை போகும் பஸ்ஸின் கண்டக்டரை நடித்துக் காட்டுவான். பாறசாலை தாண்டும்வரை மலையாளத்தில் சில்லறை கேட்பார், இஞ்சிவிளை நெருங்க நெருங்க வினைச்சொல் தமிழாகும், களியக்காவிளையில் வண்டி நிற்கும்போது வசவு மட்டும் மலையாளத்தில் மிச்சமிருக்கும். ஒரு பயணம், ஒரு பை, ஒரு விசில். இரண்டு மாநிலத்தின் வரலாறு அதற்குள் இருக்கும். ஒரு சானலில் கூப்பிட்டார்கள். போன இடத்தில் தமிழ்ப் பகுதி புரியாது என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள், மிஞ்சியதை நடித்தான், நடுவர்கள் கட்டிப்பிடித்தார்கள், ஊரில் முக்குக்கு முக்கு ஃபிளெக்ஸ் வைத்தோம். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. அவன் அங்கே ஒரு குழுவில் இருந்திருந்தால் மூன்றாவது வாரத்தில் எழுதுகிறவரிடம் சண்டை போட்டிருப்பான், ஆறாவது வாரத்தில் தமிழ்ப் பகுதி திரும்பி வந்திருக்கும், ஒரு வருடத்தில் கேரளமே அந்தக் கண்டக்டருக்காகக் காத்திருந்திருக்கும். ஒரு தடவை வந்து போகிறவனுக்குச் சண்டை போட நேரமும் கிடையாது, பலமும் கிடையாது.

இப்போது அந்த ஆதாரம். கட்டுரையின் நடுவில், அழகியலுக்கும் ஜனநாயகத்துக்கும் இடையில், போகிறபோக்கில் ஒரு வரி: பழைய ஆட்களுக்குப் பேட்டா ஏறிக்கொண்டே போகிறது, புதியவர்களோ மேடை கிடைத்தால் போதும் என்று வருகிறார்கள். மற்ற பக்கங்கள் எல்லாம் இந்த ஒரு வரிக்குப் போர்த்திய பொன்னாடை. ஐந்து வருடம் சேர்ந்து நடித்த ஆறு பேர் கைகோத்து நின்றால் சம்பளம் கேட்பார்கள், எழுத்தில் பங்கு கேட்பார்கள், இந்த வசனத்தைப் பேசமாட்டோம் என்று சொல்வார்கள். தனித்தனியாக வரும் அறுநூறு பேர் எதையும் கேட்கமாட்டார்கள். சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து, ஒரு ஷீல்டும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள். முகம் பழகினால் விலை ஏறும். விலை ஏறாமலிருக்க முகம் பழகக் கூடாது. இதைச் சொல்லத் தொல்காப்பியர் எதற்கு? கணக்குப்பிள்ளை போதுமே.

கலைஞர்கள் வாராவாரம் மாற வேண்டும் என்கிறவர் தன் நாற்காலியைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. பழகிய முகம் சலிப்பூட்டும் என்பது விதியானால், திருவிழாவுக்குத் திருவிழா அதே சட்டை, அதே முன்னுரை, அதே மதிப்பெண் தாளோடு வந்து உட்காரும் நடுவருக்கும் அது பொருந்த வேண்டும். பொருந்தாது என்றால் ஏன் என்று சொல்லட்டும். அனுபவம் வேண்டும், பயிற்சி வேண்டும், ஜனங்களுக்குத் தன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்றெல்லாம் அவர் காரணம் அடுக்குவார். அடுக்கும் ஒவ்வொரு காரணமும் நிரந்தர நடிகனுக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

வரும் திருவிழாக் காலத்துக்குள் அவர் செய்யக்கூடிய காரியங்கள் இரண்டு. அந்தக் கண்டக்டர் பையனையும் அவனோடு நடிக்கிற நாலு பேரையும் ஒரே பெயரில், ஒரே குழுவாக, சீசன் முழுவதற்கும் பேசிய தொகைக்கு எடுக்கும்படி கோயில் கமிட்டிகளிடம் சொல்லலாம். அவர் சொன்னால் கேட்பார்கள். அது முடியாதென்றால் நடுவர் நாற்காலியை மேடைக்கு மேடை புதுப்புது ஆளுக்கு விட்டுக்கொடுத்துக் கீழே இறங்கி நாலாவது வரிசையில் உட்காரலாம். இரண்டில் எதைச் செய்தாலும் அவருடைய அடுத்த கட்டுரையை மரியாதையோடு படிப்பேன். இரண்டையும் செய்யாமல் மறுபடி ஜனநாயகம் என்று எழுதினால், அந்த பேட்டா வரியை அடிக்கோடிட்டுக் கோயில் கமிட்டிகளுக்கும், அவர் மதிப்பெண் போட்ட ஒவ்வொரு கலைஞனுக்கும் அனுப்பிவைப்பேன்.